பாண்ட் ஃபண்டில் சிவப்பு எண் வந்தால்

முதன்முதலாக பாண்ட் ஃபண்டில் (பலரின் பணத்தைச் சேர்த்து, அரசும் நிறுவனங்களும் கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) பணம் போட்டபோது, அதை வங்கி டெபாசிட்டுக்குத் தங்கச்சி என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்சம் கூடுதல் வட்டி, மற்றபடி அதே நிம்மதி. சில மாதம் கழித்துக் கணக்கைத் திறந்தால் போட்டதைவிடக் குறைவாக, சிவப்பில் ஒரு எண். எந்த நிறுவனமும் திவாலாகவில்லை, வட்டியும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, அப்புறம் எப்படிக் குறையும் என்று மண்டை காய்ந்தது. பயந்து விற்றுவிட்டேன். அந்தப் பணம் எனக்குத் தேவைப்பட இன்னும் ஆறு வருடம் இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

நடந்தது இதுதான். ஆண்டுக்கு 5 சதவீத வட்டி தரும், பத்து வருடத்தில் முதிரும் 1000 மதிப்புள்ள ஒரு கடன் பத்திரம் உங்களிடம் இருக்கிறது. மறுநாளே சந்தையில் புதுப் பத்திரங்கள் 6 சதவீதம் தர ஆரம்பித்துவிட்டன. இனி உங்கள் பழைய பத்திரத்தை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? விலை சுமார் 926க்கு இறங்கினால்தான் வாங்குபவருக்கும் அதே 6 சதவீதம் கட்டுப்படியாகும். இதே பத்திரம் இரண்டு வருடத்தில் முதிர்வதாக இருந்தால் விலை 982க்குத்தான் இறங்கும். ஃபண்ட் தன்னிடம் உள்ள நூற்றுக்கணக்கான பத்திரங்களை அன்றன்றைய சந்தை விலையில் கணக்கிட்டு யூனிட் மதிப்பைச் சொல்கிறது, அதனால் இறக்கம் நம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு இறங்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லும் ஒரு எண் இருக்கிறது: டியூரேஷன். ஃபண்டின் விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லும் ஃபேக்ட் ஷீட்டில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை (நானும் பார்த்ததில்லை). இதை வருடத்தில் சொல்வார்கள். டியூரேஷன் 6 என்றால், வட்டி விகிதம் 1 சதவீதம் ஏறும்போது ஃபண்டின் மதிப்பு ஏறக்குறைய 6 சதவீதம் இறங்கும், வட்டி இறங்கினால் அதே அளவு ஏறும். 2022இல் அமெரிக்க மத்திய வங்கி, பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்த வட்டியை ஒரே வருடத்தில் 4.25 சதவீதத்துக்கு மேல் ஏற்றியபோது அந்நாட்டின் பாண்ட் சந்தையை ஒட்டுமொத்தமாக அளக்கும் குறியீடு சுமார் 13 சதவீதம் சரிந்தது. இருபது வருடத்துக்கு மேல் முதிர்வுள்ள அரசுப் பத்திரங்களை வைத்திருந்த ஃபண்டுகள் 30 சதவீதத்துக்கும் மேல் அடி வாங்கின. அரசு பணத்தைத் திருப்பித் தராது என்ற பயம் அங்கே யாருக்கும் இல்லை, வட்டி ஒன்றுதான் காரணம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முதிரும் பத்திரங்களின் பணத்தையும் வரும் வட்டியையும் ஃபண்ட் இப்போது கூடுதல் வட்டி தரும் புதுப் பத்திரங்களில் போடுகிறது, அதனால் விழுந்த பள்ளம் மெல்ல மெல்ல நிரம்புகிறது. இது ஏறக்குறைய டியூரேஷன் எத்தனை வருடமோ அத்தனை வருடம் பிடிக்கும் என்பது தோராயக் கணக்கு. நான் விற்ற ஃபண்டின் டியூரேஷன் 5. கையில் ஆறு வருடம் இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். அடுத்த வருடமே தேவைப்படும் பணத்தை டியூரேஷன் 7 உள்ள ஃபண்டில் போடுபவர் மட்டும் உண்மையிலேயே சூதாடுகிறார்.

"நேரடியாகப் பத்திரம் வாங்கி முதிரும்வரை வைத்திருந்தால் நஷ்டமே கிடையாதே" என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. குறிப்பிட்ட தேதியில் முழுப்பணம் கைக்கு வரும், ஃபண்டில் அப்படி ஒரு தேதி கிடையாது. ஆனால் நடுவில் அந்தப் பத்திரமும் விலை இறங்கித்தான் இருக்கும், யாரும் அதைத் தினமும் காட்டுவதில்லை என்பதால் வலி தெரியாது. தவிர, சிறு தொகையில் ஐந்தாறு நிறுவனங்களுக்கு மேல் நம்மால் பிரித்துப் போடவும் முடியாது, அதில் ஒன்று கைவிரித்தால் பெரிய ஓட்டைதான்.

கைவிரிக்கும் விஷயம் தனி. ஒரு ஃபண்ட் மற்றவற்றைவிட 3 சதவீதம் அதிகம் தருகிறது என்றால், தரம் குறைந்த நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். பங்குச்சந்தை விழும் நாளில் அதுவும் சேர்ந்து விழும், அதற்குப் பங்கையே வாங்கிவிடலாம். செலவு விகிதமும் இங்கே ரொம்ப முக்கியம்: வருவதே 6 சதவீதம், அதில் 1 சதவீதம் கட்டணம் என்றால் ஆறில் ஒரு பங்கு போச்சு.

போன மாதம் மறுபடியும் சிவப்பு எண். ஃபேக்ட் ஷீட்டைத் திறந்தேன். டியூரேஷன் 2.8, பணம் தேவைப்பட இன்னும் நாலு வருடம். மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன்.