காரீயத்திலும் கடல்மணலிலும் காசு போடுமுன்

இலங்கையில் கனிமத்தில் முதலிடுவதைப் பற்றி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர்கள் இரண்டு: புல்மோட்டை இல்மனைட் (டைட்டேனியம் அடங்கிய கடல்மணல்), போகல காரீயம் (கிராபைட்). இரண்டும் உண்மையான செல்வம்தான். ஆனால் காணியை வாங்கினால் அடியில் கிடப்பதும் நமக்கே என்று பலர் நினைக்கிறார்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டப்படி, காணி யாருடையதாக இருந்தாலும் அதிலுள்ள கனிமம் குடியரசுக்கே சொந்தம். காணி உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும், பிட்டகோட்டையிலுள்ள புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் அனுமதி தராமல் தோண்ட முடியாது. (இரத்தினக்கல் மட்டும் வேறொரு அதிகாரசபையின் கீழ் வரும்.)

ஆகவே "எங்களிட்ட லைசென்ஸ் இருக்கு" என்று ஒரு கம்பனி பங்கு சேர்க்க வந்தால், எந்த லைசென்ஸ் என்று கேளுங்கள். ஆய்வு செய்யும் அனுமதி வேறு, தோண்டும் அனுமதி வேறு. எடுத்ததை ஏற்றிச் செல்லவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் தனித்தனிப் பத்திரம் வேண்டும். ஆய்வு அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு சுரங்கமே திறந்துவிட்டதுபோல் பணம் திரட்டுவோரிடம்தான் அதிக கவனம் தேவை. பத்திரத்தின் இலக்கம், காலாவதித் திகதி, குறித்த எல்லை மூன்றையும் எழுதிக்கொண்டு போய்ப் பணியகத்தில் நேரில் ஒத்துப்பாருங்கள்.

நம் காரீயத்துக்கு உலகில் தனி மதிப்பு உண்டு. பாறை வெடிப்புகளில் நரம்பாக ஓடும் இந்த வகையை வணிக அளவில் எடுப்பது அநேகமாக இலங்கை மட்டும்தான். கட்டியாக வரும்போதே 90 வீதத்துக்கு மேல் கரிமம் இருக்கும். சிக்கலும் அந்த நரம்பில்தான். ஓரிடத்தில் முழ அகலம், சற்றுத் தள்ளி விரல் பருமன், பிறகு காணாமலே போய்விடும். செதிலாகப் பரந்து கிடக்கும் வகை என்றால் வரிசையாகத் துளைபோட்டு இருப்பைக் கணக்கிடலாம். நரம்பிலோ துளை கொஞ்சம் விலகினாலும் வெறுங்கல்தான் மேலே வரும். அதனால் "இத்தனை தொன் இருக்கு" என்ற தாளைவிட, குழி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, நீர் இறைக்கவும் உள்ளே காற்றுச் செலுத்தவும் மாதம் எவ்வளவு மின்கட்டணம் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

2023 டிசம்பர் 1 முதல் சீனா கிராபைட் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபின், "பற்றரிக் கிராபைட்" என்ற பேச்சு இங்கேயும் பெருத்துவிட்டது. பற்றரிக்கு 99.95 வீதத் தூய்மை வேண்டும். துகளை உருண்டையாக்கும்போது கணிசமான பங்கு தூளாகக் கழியும். அந்தத் தூளுக்கு வாங்குநர் இல்லாத திட்டம் இலாபம் தராது. ஆண்டுக்குச் சில ஆயிரம் தொன் மட்டுமே எடுக்கும் நாட்டுக்கு உராய்வுநீக்கி, மின்மோட்டார் கரித்தூரிகை போன்ற விலை கூடிய சிறு பொருட்களே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

இல்மனைட்டின் கதை வேறு. புல்மோட்டை அரச கம்பனியின் கையில் இருக்கிறது. மணலை அப்படியே விற்காமல் உருக்கி, டைட்டேனியம் செறிந்த கசடாக்கி விற்றால் விலை பல மடங்கு என்பார்கள், அது சரிதான். ஆனால் மின்வில் உலைக்குத் தடையில்லாத, மலிவான கறன்ற் வேண்டும். வெண்ணிறமி செய்வதானால் பெருமளவு கந்தக அமிலமும், கழிவாக வரும் இரும்புச் சல்பேற்றைப் போட இடமும் தேவை. இந்த மூன்றுக்கும் விடை சொல்லாத திட்ட அறிக்கையை மூடிவைத்துவிடுங்கள். மணலோடு வரும் மொனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருப்பதால் கதிரியக்கப் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துகொள்ளும். உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், அங்கே கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் எடுக்க வேண்டும்.

இதே மணல் கிடைக்கும் மன்னாரில் இன்னும் நிதானம் தேவை. தீவு தாழ்வானது, குடிநீர் மணலுக்குள் மெல்லிய படையாக நிற்கிறது. மணலைத் தோண்டினால் உவர்நீர் ஏறும் என்று மக்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஊர் சம்மதிக்காத இடத்தில் காசு போடுவது தவறு, நட்டமும்கூட. காணி விடயத்தில் 30 வருடப் பதிவைத் தேடுங்கள். தேசவழமைக்கு (வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) உட்பட்ட கூட்டுக்காணி என்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. வெளிநாட்டார் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனி, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, பொதுவாகக் காணியை அறுதியாக வாங்க முடியாது. குத்தகைக்குத்தான் எடுக்கலாம்.

கனடாவிலோ லண்டனிலோ குடியுரிமை பெற்ற அண்ணன், மச்சான் பணம் போடுவதானால், உங்கள் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். வங்கியில் அவர்கள் பெயரிலேயே உள்முக முதலீட்டுக் கணக்கைத் திறந்து, அதன் வழியாக வரட்டும். அப்படி வந்தால்தான் இலாபத்தையும் விற்ற காசையும் சிக்கலின்றித் திருப்பி எடுக்கலாம். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 சொச்ச ரூபாயிலிருந்து 360 வரை போனது. ஆகவே அவர்களின் இலாப நட்டக் கணக்கை டொலரில் போட்டுப் பாருங்கள்.

போகல போன்ற, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பனியின் பங்கை வாங்குவது சுலபம், விற்பதுதான் கடினம். பெரும்பான்மைப் பங்கு வெளிநாட்டு நிறுவனத்திடம் இருப்பதால் சந்தையில் புழங்குவது கொஞ்சம்தான். சந்தை விலைக்கு விற்கச் சொன்னால் கிடைத்த விலைக்குப் போய்விடும். தரகரிடம் எப்போதும் விலையைக் குறித்தே கட்டளை கொடுங்கள், அதையும் சிறு சிறு தொகுதியாகக் கொடுங்கள்.