கைகளை எடுத்துவிட்டு உட்கார்தல்

எங்கள் வீட்டு நாட்டு ஓடுகளை மாற்றும்போது தவறி விழுந்ததில் என் தண்டுவடம் நெஞ்சுப் பகுதியின் பத்தாவது மட்டத்தில் (டி10) அடிபட்டு, தொப்புளுக்குக் கீழே உணர்வும் அசைவும் நின்றுபோயின. காரைக்குடியில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எப்போது நடப்பான் என்றே கேட்டார்கள். பிசியோதெரபிஸ்ட்டோ உட்காரக் கற்பதில்தான் தொடங்கினார்.

படுத்தே கிடந்த உடம்பை நிமிர்த்தினால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும் என்பதால், வயிற்றில் பெல்ட் கட்டி, கட்டிலின் தலைப்பக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினார்கள். அதன்பின் கால்நீட்டி அமர்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, பிறகு பக்கவாட்டில், பிறகு தொடைமேல் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பழக வேண்டும். கையை எடுத்ததும் சரிவதற்குத் தசைத் தளர்ச்சி மட்டும் காரணமன்று. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற செய்தி இடுப்பிலிருந்து மூளைக்கு வந்து சேர்வதில்லை. அந்த வேலையைக் கண் ஏற்றுக்கொள்வதற்காகவே எதிரே ஆளுயரக் கண்ணாடி வைத்தார்கள். முதுகின் அகன்ற தசைக்குக் கழுத்துப் பகுதியிலிருந்தே நரம்பு வருவதால், இடுப்பெலும்பு வரை இறங்கும் அது அடிபட்ட இடத்துக்குக் கீழேயும் உடம்பை இழுத்து நிறுத்தும் என்று அவர் விளக்கிய பிறகே எனக்கு நம்பிக்கை வந்தது.

வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்கும் என்று வளவில், அதாவது உள்முற்றத்தை ஒட்டிய பகுதியில், ரப்பர் விரிப்பும் மெத்தையும் போட்டோம். மனைவி சொல்லாமல் கொள்ளாமல் இடமும் வலமுமாகப் பந்தை எறிவாள்; சாயாமல் நான் பிடிக்க வேண்டும்.

"பைய எறி ஆத்தா, விழுந்துறப் போறான்" என்று அவளுடைய அயித்தை பதறுவார்.

"விழட்டும் அயித்தை, மெத்தைதானே."

வேலூரில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தை வழிநடத்திய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தவர். இரு கைகளும் ஊன்றாமல் வேலைக்குக் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

எனக்குக் கடினமாக இருந்தது பனியன் போடுவது. கைகள் மேலே போகும் அதே நொடியில் துணி கண்ணையும் மறைத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு சாயாமல் உட்காரும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் வற்புறுத்தியது இதற்காகத்தான். நெடுநேரம் அமர்வதில் படுக்கைப்புண் ஆபத்தும் உண்டு. ஆகவே கால்மணி முதல் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை முன்னால் நன்றாகக் குனிந்து, புட்டத்தின் மேலுள்ள அழுத்தத்தை ஓரிரு நிமிடம் குறைத்துக்கொள்கிறேன். இப்போது சக்கர நாற்காலியிலிருந்து குனிந்து, தரையில் கிடக்கும் பொருளை எடுத்து நிமிரப் பழகிவருகிறேன்.