செம்பருத்திக்கு ஒரு சோலார் கேமரா

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி செம்பருத்தி, நந்தியாவட்டை, தங்கரளி, ஓரமாக ஒரு பவளமல்லி என்று எல்லாம் உண்டு. தண்ணீர் ஊற்றுவது அப்பா. பூப் பறிப்பது யார் என்பதுதான் தெரியாது. அம்மா விடிவதற்குள் கோலம் போட வெளியே வந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் தலைநீட்டிய கிளையெல்லாம் மொட்டையாக நிற்கும், சாமி படத்துக்கு வைக்க ரெண்டு பூ மிஞ்சினால் அன்றைக்கு யோகம். நகை போயிருந்தால்கூட அப்பா இவ்வளவு கொதித்திருப்பாரா என்பது சந்தேகம். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். வாழ்நாளெல்லாம் பையன்களை மிரட்டியே பழகியவருக்கு, சொந்த வாசலில் ஒரு ஆள் தினமும் டிமிக்கி கொடுப்பது தாங்கவில்லை.

"சாமிக்குத்தான பறிக்காங்க, விடுங்களேன். நமக்கும் புண்ணியம்" என்றாள் அம்மா.

"புண்ணியம் வேணும்னா அவங்களே செடி வச்சு வளர்க்கட்டும்."

சரி, கேமரா வைப்போம் என்று நான்தான் சென்னையிலிருந்து போனில் சொன்னேன். உடனே கரண்ட் தகராறு ஆரம்பித்தது. எங்கள் ஊரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், இந்த எல்லைக்கோட்டை அப்பா காவல் காக்கிற அழகு வேறு எந்த நாட்டு எல்லைக்கும் கிடைக்காது. ஐந்து வாட் கேமரா ராப்பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட்தான் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அந்த ஏழுலதான்ல 500 தாண்டும்" என்றார். அதற்கு மேல் வாசல் வரைக்கும் வயர் இழுக்கவேண்டும், சுவரில் பட்டி அடிக்க வேண்டும், போன வருஷம் அடித்த பெயிண்ட் போகும். ஆகவே வயரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம் என்று சோலார் பேனலோடு வரும் பேட்டரி கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனேன்.

பெட்டியைப் பிரித்து பட்டனை அழுத்தியதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று ஆங்கிலத்தில் பேசியது. அடுக்களையிலிருந்து அம்மா, "யாருல வந்திருக்கா? உள்ள வரச் சொல்லு" என்றாள். அந்தப் பெண்ணோ வைஃபையில் சேரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். போனில் வரும் க்யூஆர் கட்டத்தை கேமராவின் கண்ணுக்கு நேரே காட்ட வேண்டும், அது படித்துப் பார்த்து ரவுட்டரோடு சேர்ந்துகொள்ளும், இதுதான் முறை. நான் காட்ட, அது "கனெக்ஷன் ஃபெயில்டு" என்க, அப்பா பின்னாலிருந்து "நேரா காட்டுல, கை ஆடுது" என்க, அரை மணி நேரம் இதே பூஜைதான். விஷயம் என்னவென்றால் இந்த மாதிரி கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோடு மட்டும்தான் ஒட்டும், எங்கள் ரவுட்டர் அதையும் 5 கிகாஹெர்ட்ஸையும் ஒரே பெயரில் கலந்து விட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்ததும் சேர்ந்துகொண்டாள். ஆனால் வாசலுக்குக் கொண்டுபோனால் சிக்னல் இல்லை. தாத்தா கட்டின சுவர், அதைத் தாண்டி வைஃபை போவது கஷ்டம். ரவுட்டரை முன்னறை ஜன்னலுக்கு மாற்றினோம். அதன் மேல் அம்மா போட்டு வைத்திருந்த பூப்போட்ட பின்னல் துணியும் கூடவே மாறியது.

பேனலை எங்கே வைப்பது என்பதில் அப்பா என்னை நம்பவில்லை. வாத்தியார் வேலையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். நம்ம ஊர் எட்டே முக்கால் டிகிரி வட அட்சம், அதனால் பேனல் தெற்கு பார்த்து லேசாகச் சாய்ந்தால் போதும், சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், அப்போதும் இந்தச் சாய்வு பெரிதாகக் கெடுக்காது என்று ஒரு பாடமே நடத்தினார். அதெல்லாம் சரிதான். தொல்லை சூரியனால் இல்லை, பக்கத்து வீட்டுத் தென்னையால். பேனலில் செல்கள் எல்லாம் ஒரே வரிசையில் கோத்திருப்பதால் ஒரு மூலையில் ஓலை நிழல் விழுந்தாலும் மொத்தமும் சுணங்கும். அப்பா என்ன செய்தார் தெரியுமா, காலையிலிருந்து மணிக்கொரு தரம் மொட்டைமாடிக்கு ஏறி, ஓலை நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் வரைந்து பக்கத்தில் நேரத்தை எழுதினார். மாலையில் பார்த்தால் தரையெல்லாம் கோடு, 9, 10, 11 என்று எண்கள், நடுவே எந்தக் கோடும் தொடாத ஒரு சின்ன இடம், இரண்டு செங்கல் அகலம் இருக்கும். பேனல் அங்கேதான் போனது. சாக்பீஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், ரிட்டயர் ஆகும்போது கொண்டுவந்ததாம்.

கேமராவைப் பத்தடி உயரத்தில் மாட்டச் சொன்னதும் அவர்தான். "அதையே களவாண்டுட்டுப் போயிட்டா?" நியாயமான பயம். ஏணியில் நான், கீழே ஏணியைப் பிடித்தபடி அப்பா, தெருவில் நின்று "கொஞ்சம் இடது பக்கம் தம்பி" என்று சொல்ல நான்கு பேர். ரகசியமாக வைக்க நினைத்த கேமரா, இப்படித் தெருவுக்கே தெரிந்துபோய்த்தான் மேலே ஏறியது.

மறுநாள் ஆயுத பூஜை. அன்றிலிருந்து போனில் ஒரு சத்தமும் இல்லை. ஆள் போகவில்லை, மாடு போகவில்லை, பால்காரர்கூட வரவில்லை என்கிறது கேமரா. "பாத்தியா, கேமராவப் பாத்ததுமே பயந்துட்டான்" என்று அப்பா பூரித்துப்போனார். எனக்கு இடித்தது. ஏணி போட்டு ஏறினால், லென்சுக்குக் கீழே வெள்ளையாகப் புடைத்திருக்குமே ஒரு குமிழ், அதில் கச்சிதமாகச் சந்தனம், நடுவே குங்குமம். பேட்டரி கேமரா எந்நேரமும் விழித்திருப்பதில்லை, சார்ஜைச் சேமிக்கத் தூங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் குமிழ்தான் உடல் சூடு நகர்வதை உணர்ந்து அதை எழுப்பிவிட வேண்டும். சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டால் எங்கே உணர்வது? அவ்வளவு உயரத்துக்கு அம்மா எப்படி ஏறினாள் என்று விசாரித்தேன். ஏறவில்லையாம், ஒட்டடைக் கம்பு நுனியில் பஞ்சு சுற்றி வைத்தாளாம். "கண்ணுல படாமத்தான்ல வச்சேன்" என்றாள், அதுவும் உண்மைதான்.

துடைத்துவிட்டு நான் சென்னைக்கு வந்து சேர்ந்த பிறகு எனக்குத் தூக்கம் போனது. ஆப் என் போனிலும் இருக்கிறதே. நாய் போனால் டிங், மயில் வந்தால் டிங், வெயிலில் சூடான வாழையிலை ஆடினால் டிங். அப்பாவுக்கு அதிலேயே பேசலாம் என்று தெரிந்தது இன்னொரு சங்கடம். தயிர்க்கார அம்மா வாசலில் நின்றபோது மேலேயிருந்து "யாரது?" என்று அதட்டியிருக்கிறார், அவர் அண்ணாந்து பார்த்து, கூடையை இறக்கி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

ஆனால் பூக்காரர் சிக்கவில்லை. ஐந்து மணி வாக்கில் டிங் வரும், திறந்தால் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் குமிழுக்குக் குறுக்கே போகிற ஆள் சட்டென்று தெரியும், நேரே எதிரே வருகிற ஆள் சீக்கிரம் தெரிய மாட்டார், அது எழுந்து பதிவு தொடங்கவும் ஒன்றிரண்டு நொடி ஆகும். கோணத்தை மாற்றியதும் கிடைத்தது: ஒரு முதுகு. சேலை. அம்மா உட்கார்ந்து போனை மூக்கோடு ஒட்டிப் பார்த்தாள். இந்த ஊரில் எந்தச் சேலை யாருடையது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் இரவில் கேமரா அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பதால் எல்லாமே சாம்பல் நிறம். போதாததற்கு, அந்த ஒளியில் கறுப்புச் சாயம்கூடச் சில துணிகளில் வெளுப்பாகத் தெரியும். "கலர் தெரியாத கேமரா என்னத்துக்குல?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெயிலே இல்லை, சார்ஜ் இருபது சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, அப்பா மணிக்கொரு தரம் வானத்தைப் பார்த்தார். அப்படி ஒரு காலையில் மழையால் அந்த அம்மாள் தாமதமாக வந்திருக்கிறார். விடிந்துவிட்டதால் படம் கலரில் விழுந்தது. குடை. பத்தடி உயரத்திலிருந்து பார்த்தால் குடை மட்டும்தான், தலையுமில்லை, சேலையுமில்லை. குடைக்கு வெளியே நீண்ட ஒரு கை, அதில் ஒரு மஞ்சள் பை. பெரிதாக்கிப் பார்த்தேன். அரக்கு எழுத்தில் என் தங்கச்சி பேர், மாப்பிள்ளை பேர், கல்யாணத் தேதி.

எங்கள் வீட்டுத் தாம்பூலப் பை! பிளாஸ்டிக் பை கூடவே கூடாது, துணிப்பைதான் கொடுக்க வேண்டும், அதுதான் நின்று உழைக்கும் என்று மண்டபத்தில் நின்று பிடிவாதம் பிடித்தது அப்பாதான். நன்றாகவே உழைக்கிறது.

அன்று மாலையே பீரோவிலிருந்து மொய் நோட்டு இறங்கியது. பை வாங்கியவர்கள் எல்லாரும் இதில் இருப்பார்கள் என்பது அப்பாவின் கணக்கு. வெளியூர்க்காரர்களை அடித்தார், நடந்து வரமுடியாத தூரத்தில் இருப்பவர்களை அடித்தார், முழங்கால் வலிக்காரர்களை அம்மா சொல்லச் சொல்ல அடித்தார். "பை கை மாறியிருக்கும்லா? நானே அதுல முருங்கைக்காய் போட்டு எத்தன பேருக்குக் குடுத்திருக்கேன்" என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன். ஆளைக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் எடுத்தேன்.

"ஏல, எதிர்த்த வீட்டு அண்ணாச்சி குடும்பத்தோட வந்து ரெண்டு பந்தி சாப்பிட்டாருல்லா? நோட்டுல அவரு பேரே இல்லல."

"பூ என்னாச்சுப்பா?"

"பூ கெடக்கட்டும். அந்தக் கேமராவ அவரு வீட்டுப் பக்கம் திருப்ப முடியுமான்னு சொல்லு."