தொடுதளமும் யுஎஸ்பி விசைப்பலகையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் கணினி வகுப்பில் உள்ளவை யாவும் பலர் கைமாறி வந்த மடிக்கணினிகள். அனைத்திலும் லினக்ஸ்தான். விசைப்பலகை பழுதானவற்றில் யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகியிருக்கிறோம். மேசை குறுகலாக இருப்பதால், பிள்ளைகள் அதைப் பழைய விசைகளின் மேலேயே வைத்துத் தமிழ்99 முறையில் தட்டச்சுச் செய்கிறார்கள். அப்போது உள்ளங்கை தொடுதளத்தில் (டச்பேட்) பட்டு, "சார், எழுத்து வேற வரியில போய் விழுது" என்ற குரல் எழும்.

உள்ளீட்டுக் கருவிகளைக் கவனிக்கும் லிப்இன்புட், தட்டச்சு நடக்கும்போது தொடுதளத்தைச் சற்று முடக்கி வைக்கும். ஆனால் மடிக்கணினியின் தொடுதளத்தை அதன் சொந்த விசைப்பலகையோடு மட்டுமே இணைத்துப் பார்க்கும். யுஎஸ்பி வழியாக வருவது எங்கோ தள்ளியிருக்கும் என்பது அதன் கணக்கு. நியாயமான கணக்குதான், எங்கள் மேசைக்குத்தான் பொருந்தவில்லை.

சுட்டி செருகியிருக்கும்போது தொடுதளம் தானாக அணையும்படி, லினக்ஸில் திரைக்காட்சியைக் கையாளும் எக்ஸோர்க்கில் அமைக்கலாம். அதை எக்ஸ்இன்புட் கட்டளையால் செய்தால், வெளியேறி மீண்டும் நுழைந்ததும் போய்விடும். கருவியைக் கழற்றிச் செருகினால் அதன் அடையாள எண்ணும் மாறக்கூடும். எக்ஸோர்க்கின் அமைப்புக் கோப்பில், 1.8 பதிப்பு 2010இல் கொண்டுவந்த 'இன்புட்கிளாஸ்' பகுதியில், "தொடுதளம் எதுவாயினும்" என்று வகையைச் சொல்லி எழுதுவதே நிலைக்கும். ஆனால் எக்ஸோர்க்குக்கு மாற்றாக வந்த வேலண்டின் அமர்வு அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. எல்லாப் பிள்ளைகளிடமும் சுட்டியும் இல்லை.

ஆகவே நான் பரிந்துரைப்பது லிப்இன்புட்டின் சொந்த விதிவிலக்குக் கோப்பு. 'எட்க்' (/etc) அடைவிலுள்ள லிப்இன்புட் கோப்புறையில் 'லோக்கல்-ஓவர்ரைட்ஸ்.குவெர்க்ஸ்' (local-overrides.quirks) என்ற கோப்பை உருவாக்கி, கருவியின் வகை விசைப்பலகை, இணைப்பு யுஎஸ்பி என்ற இரண்டு நிபந்தனைகளை இட்டு, அதனை உள்விசைப்பலகையாகக் கருதும்படி ஒரு வரி சேர்த்தால் போதும். தயாரிப்பாளர் எண்ணைக் குறிப்பிடத் தேவையில்லை. நன்கொடையாக எந்த நிறுவனத்தின் யுஎஸ்பி விசைப்பலகை வந்தாலும் அதே விதி பொருந்தும். எக்ஸோர்க்கில் லிப்இன்புட் இயக்கி இருந்தாலும், க்னோம், கேடிஇ போன்ற பணிமேடைகளின் வேலண்டு அமர்வாக இருந்தாலும் இது செல்லும். எதிர்காலப் பதிப்புகளில் இக்கோப்பின் அமைப்பு மாறலாம் என்று அதன் ஆவணமே எச்சரிப்பதால், மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

மாற்றம் நடப்புக்கு வர, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு 'லிப்இன்புட் குவெர்க்ஸ் லிஸ்ட்' (libinput quirks list) கட்டளையோடு, /dev/input அடைவிலுள்ள அந்த விசைப்பலகையின் நிகழ்வுக் கோப்பைக் கொடுத்தால், நாம் எழுதிய வரி அதற்குப் பொருந்தியதா என்று தெரிந்துவிடும்.