வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஐந்தரை சென்ட்

தாத்தா வைத்துவிட்டுப் போனது ஒரு மா நஞ்சை. நூறு குழி, பத்திரக் கணக்கில் 33 சென்ட். 1994-ல் பாகப்பிரிவினை எழுதியபோது பிள்ளைகள் ஆறு பேர், ஆளுக்கு ஐந்தரை சென்ட். அதில் டிராக்டர் திரும்பக்கூட இடம் போதாது. சித்தப்பா மட்டும் எங்கள் பங்கைத் தவிர மற்றவர்கள் பங்கையும் சேர்த்து சாகுபடி பார்த்துவந்தார். சாலையோரம் இருந்த எங்கள் பங்கில் பத்து வருஷமாகக் கருவை மண்டிக் கிடந்தது. அங்கே வீடு கட்டக் கிளம்பினேன். அனுமதி கைக்கு வரப் பதினேழு மாதம் ஆனது.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனம். டீக்கடையில் விஷயத்தைச் சொன்னதுமே, "டெல்டா பூரா வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாச்சு, வீடெல்லாம் கட்ட முடியாது தம்பி" என்றார்கள். நானும் நம்பி ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டேன். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் துத்தநாக, தாமிர உருக்காலை, தோல் ஆலை போன்றவற்றையும்தான். குடியிருக்கும் வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

நமக்கு வேலை வைப்பது வேறு சட்டம்: 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 47-ஏ. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற ஊராட்சி அனுமதி தரலாம். ஆனால் நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் ஒப்புதல் இல்லாமல் தரக்கூடாது. இதுவும் மாஸ்டர் பிளான் எல்லைக்கு வெளியே உள்ள கிராமங்களுக்குத்தான். தஞ்சாவூர், கும்பகோணம் மாதிரி நகரங்களின் திட்ட எல்லைக்குள் வரும் கிராமம் என்றால் நில உபயோக மண்டலத்தையே மாற்றக் கேட்க வேண்டும். அது தனிக் கதை. உங்கள் சர்வே எண் உள்ளேயா வெளியேயா என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் மற்ற காகிதத்தைத் தேடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

"ஊராட்சித் தலைவர்கிட்ட ஒரு சீல் வாங்கினா போதும்" என்று ஒரு புரோக்கரும் சொன்னார், தொகையும் சொன்னார். ஒரு காலத்தில் ஊர் ஊராக அப்படித்தான் மனை போட்டு விற்றார்கள். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. அதன் பிறகு வங்கிக்காரர்கள் சீலைப் பார்த்து ஏமாறுவதில்லை. எனக்கு வீட்டுக் கடன் மறுத்த வங்கி மேலாளர், நிலத்தின் வகையைக் காட்டும் சிட்டாவில் 'நன்செய்' என்ற சொல்லின் மேல் பேனாவை வைத்துத் தட்டினார், அவ்வளவுதான்.

முதல் ஆறு மாதம் பட்டாவிலேயே போனது. பத்திரம் ஆறு பாகமாக இருந்தாலும் பட்டா கூட்டாகவே கிடந்தது. தனிப் பட்டாவுக்கு உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்கு சர்வேயர் வர வேண்டும், அவர் வரும் நாளில் பங்காளிகள் இருக்க வேண்டும். பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வரப்பைப் பார்த்து, "அந்தப் புங்கமரம் எங்க பக்கம்" என்று சண்டைக்கு வந்தான். கல் ஊன்றிய பிறகு மரம் சித்தப்பா பக்கம் போய்விட்டது.

விண்ணப்பத்தோடு பட்டா, சிட்டா, மூன்று வருஷத்து அடங்கல் (என்ன சாகுபடி என்று காட்டும் பதிவு), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (சர்வே வரைபடம்), வில்லங்கச் சான்று எல்லாம் வைத்தேன். வட்டாட்சியர், வேளாண்மை இணை இயக்குநர் ஆகியோரின் கருத்து தேவை; நஞ்சை என்பதால் மாவட்ட ஆட்சியர் வரை போகும் என்றார்கள். அடங்கலில் 'தரிசு' என்று எழுதியிருந்தது எனக்கு உதவியது. இல்லாவிட்டால் விளைகிற நிலத்தை ஏன் அழிக்கிறாய் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஐப்பசி மழையில் அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். அவர்களில் ஒருவர் புலப்படத்தை விரித்து, "வழி எங்கே?" என்றார். எதிரில் இருந்த தார்ச்சாலையைக் காட்டினேன். "அது சாலை. இது என்ன?" என்றார். சாலைக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவே ஆறடி அகலத்துக்குப் பாசன வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து இரண்டு தென்னந்துண்டைப் போட்டுத் தாண்டியதால் அதை நான் தடையாகவே நினைத்ததில்லை. புலப்படத்தில் அது வாய்க்கால் புறம்போக்கு. காகிதத்தின்படி எங்கள் மனைக்குச் சாலையே கிடையாது. டெல்டாவில் சாலையும் வாய்க்காலும் ஒட்டியே ஓடுவதால் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் வரும். நிலம் வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

நீர்வளத்துறையிடம் சிறு பாலம் கட்ட அனுமதி கேட்டேன். வாய்க்காலின் அகலமும் ஆழமும் குறையக்கூடாது, நடுவில் தூண் கூடாது என்று நிபந்தனை. இரண்டு சிமெண்ட் குழாயைப் புதைத்து மண்ணைக் கொட்டினால் செலவு கால்வாசிதான். எனக்கும் அந்த ஆசை இருந்தது. எங்களுக்குக் கீழே சாகுபடி செய்யும் பெரியவர்தான் முகத்துக்கு நேரே சொன்னார்: "நீ வீடு கட்டு, வேணாங்கல. குழாயில ஆகாயத்தாமரை வந்து அடைச்சா என் வயலுக்குத் தண்ணி உங்க அப்பாவா கொண்டாருவாரு?" கோபம் வந்தது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

தண்ணீர் ஓடும்போது பாலம் கட்ட முடியாது. மேட்டூர் மூடும் ஜனவரி 28-க்காகக் காத்திருந்து, வாய்க்கால் காய்ந்ததும் பத்து நாளில் கான்கிரீட் பலகை போட்டு முடித்தோம். போட்டோ எடுத்துக் கொடுத்த பிறகு கோப்பு நகர்ந்தது. நிலத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிட்ட கட்டணத்தைக் கட்டினேன், ஒப்புதல் வந்தது, மனைக்கும் அனுமதி வாங்கினேன்.

கட்டட அனுமதி, நான் பயந்ததற்கு மாறாக, ஒரே நாளில் கிடைத்தது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டினால் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். ஐந்தரை சென்ட் என்பது 2,396 சதுர அடி. பங்கு பிரித்தவர்கள் அன்றைக்கே யோசித்த மாதிரி இருந்தது.

ஜூனில் தண்ணீர் வந்தபோது அஸ்திவாரம் முடிந்திருந்தது. சாலை மட்டத்துக்கு இரண்டடி மேலே. கீழ்வயல் பெரியவர் சைக்கிளை நிறுத்தி, பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து உள்ளே போய் மறுபக்கம் வெளியே வரும்வரை நின்றுவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல் போனார்.