பீடி சுற்றும் வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றாத தெரு குறைவு. நான் எட்டாம் வகுப்பு படிக்கையில் அப்பா தவறிவிட்டார். அம்மா சுற்றும் பீடிதான் வருமானம். ஆயிரம் பீடி என்றால் கட்டுக்கு 25 வீதம் 40 கட்டு. மறுநாள் கடையில் கொடுத்தாக வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் சொளவு (முறம்) பக்கத்தில் உட்கார்ந்து பீடித் தலை மடக்குவேன். படிப்பை நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் வந்தது.

கணக்கு டீச்சர் வீடு தேடி வந்தார். "ஏக்கா, எத்தன மணிக்குக் கட்டு போட்டு முடிப்பிய?" என்று கேட்டார். "எட்டு மணி ஆயிரும் டீச்சர்" என்றார் அம்மா. அவ்வளவுதான், அங்கேயே உட்கார்ந்து என் படிப்பு நேரத்தைப் பிரித்துவிட்டார். கை வேலையில் இருக்கும்போது வாய்ப்பாடும் சூத்திரமும் வாயால் சொல்ல வேண்டும். எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கெல்லாம் விடியற்காலையில். ராத்திரி அலுப்போடு புத்தகம் எடுக்கவே கூடாது. வேலை இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல திட்டத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

என்.எம்.எம்.எஸ். (தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகை) தேர்வு என்று ஒன்று இருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்களுக்கானது. மனத்திறன் 90 கேள்வி, பாடப்பகுதி 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உதவித்தொகை. எனக்கு மாதம் 500 ரூபாய் வந்தது. 2017-இல் அது 1,000 ஆனது. பாடப்பகுதியில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. அதனால் கணக்கு டீச்சராக இருந்தும் அவர் என்னை அறிவியல் புத்தகத்தைத்தான் முதலில் எடுக்க வைத்தார். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஒரு கேள்வியையும் விடாதே என்பார்.

பத்தாம் வகுப்பிலும் அதே கணக்குதான்: உறுதியான மதிப்பெண் எங்கே? கணக்குத் தேர்வில் வடிவியல் வரைதலும் வரைபடமும் இப்போது எட்டு எட்டாக 16. தினமும் ஒன்று வரைந்து பழகுங்கள். பென்சிலைக் கூர் சீவி வைப்பதுவரை அவர் பார்ப்பார்.

டீச்சர் ஊர் மாறிப் போய் வருடங்கள் ஆகின்றன. ஆனால் எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் கையிருப்பு நேரத்தைத்தான் எண்ணுகிறேன். அது அவர் போட்ட பழக்கம்.

உங்கள் வீட்டு நிலைமையை நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். என்.எம்.எம்.எஸ். விண்ணப்பத் தேதி அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். வருமானச் சான்றிதழுக்கு முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வாகாவிட்டாலும் சரி, அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் மத்திய தொழிலாளர் நலத் திட்டத்தின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். எதுவானாலும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க மறக்காதீர்கள்.