ஒரே காசு, மூன்று கேட்டலாக்

பைன் மர ஷில்லிங் (பைன் மரம் பொறித்த பழைய அமெரிக்க வெள்ளிக் காசு) ஒன்றைக்கூட நான் இதுவரை கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் அவற்றை ஏலம் விட்ட கேட்டலாக்குகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். விலைப் பட்டியலில் படிக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஒரு தங்கக் காசைச் சொல்கிறேன். 1787இல் நியூயார்க்கில் எஃப்ரைம் பிரேஷர் என்ற பொற்கொல்லர் அடித்தது. பின்னாளில் செர்ரி தெருவில் ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர் அவர். ஒரு பக்கம் மலைக்கு மேல் எழும் சூரியன், மறுபக்கம் கழுகு, அந்தக் கழுகின் இறக்கைமேல் குத்திய 'இ.பி.' முத்திரை. இதை பிரேஷர் டப்ளூன் என்பார்கள். சேலம் (மாசசூசெட்ஸில் உள்ள சேலம்) ஊர்க்காரர் மேத்யூ ஸ்டிக்னியிடம் இப்படி ஒன்று இருந்தது. அவருடைய சேகரிப்பை 1907இல் பிலடெல்பியா வியாபாரி ஹென்றி சாப்மன் ஏலம் விட்டபோது அது 6,200 டாலருக்குப் போனது. அதே காசு 1979இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திடம் இருந்த காரெட் சேகரிப்பின் கேட்டலாக்கில் மறுபடி வருகிறது, 7,25,000 டாலர். 2021 ஜனவரியில் இன்னொரு கேட்டலாக், 93 லட்சத்து 60 ஆயிரம் டாலர்.

எல்லாரும் இந்த விலையைப் பார்த்துத்தான் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு முக்கியம் வேறு: மூன்றிலும் வந்தது ஒரே காசுதான் என்று எப்படித் தெரியும்? கைமாறிய பெயர்களை வரிசையாகச் சொல்லும் வம்சாவளி வரி ஒன்று கேட்டலாக்கில் இருக்கும். அந்த வரிக்குச் சாட்சி பழைய கேட்டலாக்கின் படப் பக்கங்கள்.

சாப்மன் சகோதரர்கள் 1882இல் சார்லஸ் புஷ்னெல் சேகரிப்பை ஏலம் விட்டபோது இருவருமே இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அந்தக் கேட்டலாக்கில் காசுகளின் ஒளிப்படப் பக்கங்களையும் போட்டார்கள். நூற்று நாற்பது வருடம் கழித்தும் அந்தப் பக்கத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது என்றால் அது அவர்கள் செய்த உபகாரம்.

மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசுகளுக்கு இந்த ஒப்பீடு ரொம்பவே பொருந்தும். பாஸ்டனில் ஜான் ஹல்லும் ராபர்ட் சாண்டர்சனும் 1652 முதல் 1682 வரை நடத்திய காசுச்சாலையில் அடித்தவை அவை. முதலில் வெறும் 'என்.இ.' எழுத்து (நியூ இங்கிலாந்தின் சுருக்கம்), அப்புறம் வில்லோ மரம், ஓக் மரம், கடைசியில் பைன் மரம். எந்த வருடம் அடித்தாலும் 1652 என்றே போட்டார்கள். 1662 என்று வரும் ஓக் மர இரண்டு பென்ஸ் ஒன்றுதான் விலக்கு. அந்த வெள்ளித் தகடுகள் ஒரு சீராக இருக்காது, போதாததற்கு ஓரத்தை வெட்டி வெள்ளி திருடுபவர்கள் வேறு. அதனால் ஒவ்வொரு ஷில்லிங்கின் விளிம்பும் தனி.

இதில் நான் ஒருமுறை வசமாக ஏமாந்தேன். இரண்டு கேட்டலாக்கிலும் மரத்தருகே ஒரே மாதிரி கோடு தெரிந்தது, ஒரே காசுதான் என்று முடிவுகட்டி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அது காசு அடிக்கும் அச்சில் விழுந்த விரிசல். அந்த அச்சில் அதற்குப் பிறகு அடித்த எல்லாக் காசிலும் அதே கோடு வரும்! பார்க்க வேண்டியது விளிம்பின் வளைவு, வெட்டு, கீறல், மையம் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பவற்றை.

அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் வெளியிட்ட கண்டினென்டல் பணத்தாளில் வேலை கொஞ்சம் சுலபம், ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய எண் இருக்கிறது. பதக்கங்கள் வேறு உலகம். 'லிபர்டாஸ் அமெரிக்கானா' என்ற அமெரிக்க விடுதலைப் பதக்கத்தைப் பற்றி மட்டுமே தனியாக எழுத வேண்டும்.

விற்பனை அன்று யாரோ ஓரத்தில் பென்சிலால் விலையும் வாங்கியவர் பெயரும் குறித்து வைத்த பிரதி கிடைத்தால் அன்று எனக்குத் தூக்கமே வராது. கனெக்டிகட்டில் சாமுவேல் ஹிக்லி 1737இல் தன் செம்புக் காசை 'மூன்று பென்ஸ்' என்று எழுதி வெளியிட்டார், பிறகு வந்தவற்றில் 'உன் இஷ்டப்படி என்னை மதித்துக்கொள்' என்றும், கூடவே 'நான் நல்ல செம்பு' என்றும் எழுத்து மாறியது. அந்தக் காசின் வர்ணனைக்குப் பக்கத்தில் பென்சில் எண்ணைப் பார்க்கும்போது, அந்த அறையில் உட்கார்ந்து ஒருவர் உண்மையாகவே அதை மதித்திருக்கிறார் என்று தோன்றும்.

இதற்கெல்லாம் காசு செலவில்லை. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கும் நியூமன் நாணயவியல் தளத்தில் ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தளம் நாணய ஆய்வாளர் எரிக் நியூமன் பெயரில் இருப்பது. 2017இல் 106 வயதில் காலமானவர். அவர் பெயரை நன்றியோடுதான் சொல்கிறேன்.

இப்போது காரெட் கேட்டலாக்கில் உள்ள ஒரு பைன் மர ஷில்லிங்கைப் பின்னோக்கித் தேடிக்கொண்டிருக்கிறேன். கீழ் விளிம்பில் இடதுபுறம் சின்னதாக ஒரு வெட்டு. 1890 பார்மலீ ஏலத்தின் படப் பக்கங்களை இரண்டு முறை பார்த்துவிட்டேன், இல்லை. இந்த வாரம் புஷ்னெல்.